துடைத்துவைத்த ஆறு நாட்கள்

அவரை எல்லோரும் ரப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது அடையாள அட்டையை விட்டு வெளியே வந்ததே இல்லை. ஸ்டூடியோவில் சேர்ந்த முதல் வருஷம் யாரோ விளையாட்டாகக் கூப்பிட்டது, முப்பத்தொரு வருஷமாக ஒட்டிக்கொண்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. செய்கிற வேலைக்குப் பொருத்தமான பெயர் எத்தனை பேருக்கு அமைகிறது என்பார்.

வேலை, துடைப்பது. தரையை அல்ல, படங்களை. கடைத்தெரு முனையில், மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது ஸ்டூடியோ. முன்னறையில் விளக்குகளும் ஒரு நீலத் திரையும் குழந்தைகளை உட்காரவைக்க ஒரு மரக்குதிரையும். பின்னறையில், ஜன்னலுக்குக் கறுப்புத்துணி போட்ட மூலையில் ரப்பரின் மேஜை. ஆரம்பத்தில் அதன்மேல் மெல்லிய தூரிகையும் கூராகச் சீவிய பென்சிலும் இருந்தன. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கருவி மாறியதே தவிர வேலை மாறவில்லை. கல்யாணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் கொட்டாவி விடும் பெரியப்பாவைத் துடைப்பார். மூக்குக்கண்ணாடியில் அடிக்கும் வெளிச்சத்தை, முகப்பருவை, தலைக்குமேல் போகும் கம்பியைத் துடைப்பார். ஒருமுறை ஒரு பெண்மணி பத்து வருஷத்து ஆல்பத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "இதுல எங்கெல்லாம் இந்த ஆளு இருக்காரோ அங்கெல்லாம் எடுத்துடுங்க" என்று தன் முன்னாள் கணவரைக் காட்டினார். ரப்பர் டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்தார். மூன்றே நாளில் அப்படி ஒருத்தர் இருந்த தடயமே இல்லை. "கோர்ட்டுல எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு சார்" என்று அந்தப் பெண்மணி கும்பிட்டுவிட்டுப் போனார்.

இந்த வேலைக்கு அவர் வைத்திருந்த சட்டங்கள் இரண்டு. ஆளைத் துடைக்குமுன் அவன் நிழலைத் துடைக்க வேண்டும்; முதலில் ஆளை எடுத்துவிட்டால் கண் திருப்தியாகி, நிழலை மறந்துவிடும். இது முதல் சட்டம். புதிதாக வந்து போன எத்தனையோ பேர் இதில் வழுக்கி விழுந்து அவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது, ஆல்பத்தை வாடிக்கையாளரிடம் கொடுத்த முப்பதாம் நாள் அவர்களுடைய மூலப்படங்களை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் மூச்சுமுட்டிப் படுத்துவிடும். முப்பதாம் நாள் என்றால் முப்பதாம் நாள். முப்பத்தொன்றாம் நாள் வந்து அழுதவர்களையும் அவர் பார்த்திருக்கிறார். மனசு இளகியதில்லை.

சமீப வருஷங்களில் ஸ்டூடியோவுக்குச் சோறு போட்டதே வெளிநாட்டுப் பயண ஆல்பங்கள்தான். போய்விட்டு வருகிறவர்கள் போனில் ஆயிரம் படத்தோடு படியேறி வருவார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றே. கோபுரத்துக்கு முன்னால், கடற்கரையில், அரண்மனைப் படிக்கட்டில் தாங்கள் மட்டும் நிற்க வேண்டும். வேறு ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது. ஏதோ அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்ட நேரத்தில் இவர்கள் மட்டும் சாவி வாங்கிக்கொண்டு உள்ளே போய் நின்றதுபோல. ரப்பர் அப்படியே செய்துகொடுத்தார். எத்தனையோ நாட்டுச் சனங்களை இருந்த இடத்திலிருந்தே காலி செய்தவர் அவர். ஆனால் ஐம்பத்தேழு வயதுவரை ஒரு நாட்டுக்கும் போனதில்லை.

போகவைத்தது மனைவி. அவள் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவள். கடைசிப் பத்து வருஷம் மேற்பார்வையாளர். மேற்பார்வை என்று பேர்தானே தவிர, மூட்டை பிரிப்பதிலிருந்து இஸ்திரி வரைக்கும் கை வைக்காத வேலை கிடையாது. நாள் முழுக்க அவளை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். "அக்கா, ஏழாம் வார்டு போர்வை!" "அக்கா, ஆபரேஷன் தியேட்டர் துணி எங்க?" ஒருநாள் அப்படி யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியபோதுதான் சலவை மெஷினின் இரும்புக் கதவு நெற்றியில் இடித்து, இடது புருவத்தை இரண்டாகப் பிளந்தது. ஐந்து தையல். தழும்பு நின்றுவிட்டது. யோசிக்கும்போதெல்லாம் அவள் விரல் அங்கே போகும்.

விருப்ப ஓய்வு பெற்ற அன்று, கொடுத்த சால்வையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து சொன்னாள்.

"ஏங்க, எனக்கு ஒரு ஆசை. சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"என் பேரு யாருக்கும் தெரியாத ஊருக்குப் போகணும். அங்க ஒரு மணி நேரம் சும்மா உக்காரணும். யாரும் கூப்பிடக் கூடாது."

"அதுக்கு வெளிநாடு எதுக்கு? நம்ம மொட்டை மாடி போதாதா?"

"மொட்டை மாடிக்கு நீங்க வந்து கூப்பிடுவீங்களே."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் போனார்கள். ஆறு நாள், நாற்பது பேர், ஒரு பஸ், குளிர் நாடு. ஸ்டூடியோவின் நல்ல கேமராவை முதலாளியம்மா கொடுத்தனுப்பினாள். பழைய முதலாளியின் மகள். மரக்குதிரையில் உட்கார்ந்து விளையாடிய காலத்திலிருந்து அவருக்குத் தெரியும். வாடிக்கையாளர் முன்னால் மட்டும் மேடம், மற்ற நேரம் பாப்பா.

பஸ்ஸில் முன் இருக்கையில் ஒரு டயர்க்கடைக்காரர், மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளுமாக. ஒவ்வொரு இடத்திலும் கடைசியாக வந்து பஸ்ஸைக் காக்கவைத்தவர் அவர்தான். மனுஷர் கலகலப்பானவர். "உங்களை ரப்பர்னு கூப்பிடுறாங்களாமே? நானும் ரப்பர்தான் சார் விக்கிறேன்" என்று தானே அறிமுகம் செய்துகொண்டார். ஊருக்குப் போனதும் ஆல்பம் போட நம்ம கடைக்கு வாங்க என்று ரப்பர் அவரிடம் விலாச அட்டையைக் கொடுத்துவைத்தார். விடுமுறையிலும் வியாபாரத்தை விடாத ஆள்.

மூன்றாம் நாள் காலை, கல் பாவிய ஒரு பெரிய சதுக்கத்தில் இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். ஒரு பக்கம் கோபுரம், நடுவில் நீரூற்று, சுற்றிலும் பெஞ்சுகள். ரப்பர் கோபுரத்தைப் படம்பிடிக்கப் போய்விட்டார். அதில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு சிற்பங்கள். நூற்றுப் பன்னிரண்டையும் எடுத்தார். திரும்பி வந்தபோது மனைவி நீரூற்றுப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளூர்க்காரப் பெண்மணி ஒருத்தி, இவள் வயதுதான் இருக்கும். இரண்டு பேர் தலையிலும் அந்த ஊர்க் கம்பளிக் குல்லாய். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு இவங்க?"

"தெரியாதுங்க. பெஞ்சுல உக்காந்திருந்தேன், பக்கத்துல வந்து உக்காந்தாங்க. ஒரு மணி நேரம் பேசிட்டே இருந்தோம்."

"என்ன பாஷைல?"

"அவங்க அவங்க பாஷைல, நான் நம்ம பாஷைல. மருமகளைப் பத்தித்தான் திட்டினாங்கன்னு நினைக்கிறேன். நான் ஏழாம் வார்டைப் பத்திச் சொன்னேன். பாவம், தலையாட்டிக் கேட்டாங்க."

அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்றால், குளிரில் மூக்கு சிவந்து, குல்லாய்க்கு வெளியே நரைமுடி பிய்த்துக்கொண்டு, தூக்கிய முன்பல் முழுசாகத் தெரிய, கண்ணோரம் அத்தனை சுருக்கமும் விரிந்து. முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. கேமராவைக் கண்டால் கையால் முகத்தை மூடுகிறவள், அன்றைக்கு மூடவில்லை. அவர் ஒரே ஒரு படம் எடுத்தார். அந்த ஆறு நாளில் அவள் மூடாமல் நின்ற படங்கள் பத்தோ பன்னிரண்டோ.

ஊருக்கு வந்ததும் ஆல்பம் போட உட்கார்ந்தார். அவளுக்குச் சொல்லாமல், ஓய்வுக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு வாரம் உயிரைக் கொடுத்து வேலை செய்தார். ஒரு குறை சொல்லக் கூடாது பாருங்கள், அதற்காகச் சொல்கிறேன்: அந்த மனுஷன் செய்தது அத்தனையும் பிரியத்தில்தான் செய்தார். புருவத் தழும்பை எடுத்தார். கண்ணோரச் சுருக்கங்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். நரையைக் கறுப்பாக்கினார். தூக்கிய பல்லை உள்ளே தள்ளினார். மூக்கின் சிவப்பைக் குறைத்தார். நீரூற்றுப் படத்தில் அந்த உள்ளூர்ப் பெண்மணியை நிழலோடு சேர்த்துச் சுத்தமாகத் துடைத்து, அவள் பிடித்திருந்த மனைவியின் விரல்களைப் புதிதாக வரைந்து சேர்த்தார். அவர் செய்ததிலேயே மிக நேர்த்தியான வேலை அதுதான் என்று பாப்பாவே சொன்னாள்.

மனைவி ஆல்பத்தை மடியில் வைத்துப் பிரித்தாள். முதல் பக்கத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"யாருங்க இந்தப் பொண்ணு? நல்லா இருக்கா."

அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

நீரூற்றுப் பக்கம் வந்ததும் விரல் புருவத்துக்குப் போயிற்று. "அந்தம்மா எங்க?"

"பேக்ரவுண்டெல்லாம் சுத்தம் பண்ணிட்டேன்."

"அவங்க பேக்ரவுண்டு இல்லைங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மீதிப் பக்கங்களையும் ஒன்றுவிடாமல் பார்த்து, ரொம்ப அழகா இருக்கு என்று சொல்லி, ஆல்பத்தை அதன் உறையிலேயே போட்டு அலமாரியில் சால்வைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அதை எடுத்து அவர் பார்க்கவில்லை. முப்பதாம் நாள், வழக்கப்படி மூலப்படங்களை அழித்தார். கேமரா ஸ்டூடியோவுடையது, அதன் கார்டு எப்போதோ வேறு கல்யாணத்துக்குப் போயிருந்தது.

இரண்டு மாதம் கழித்து டயர்க்கடைக்காரர் சொன்ன சொல் தவறாமல் படியேறி வந்தார். "நாங்க நாலு பேரத் தவிர ஒருத்தர் இருக்கக் கூடாது சார்." ரப்பருக்குச் சொல்லவா வேண்டும். ஆறாவதோ ஏழாவதோ படத்தில் அதே சதுக்கம் வந்தது. முன்னால் டயர்க்கடைக்காரர் குடும்பம். பின்னால் ஒரு பெஞ்சில், குல்லாயும் குல்லாயுமாக இரண்டு பெண்கள். பெரிதாக்கிப் பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்து, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"நீ இங்க உக்காந்திருக்க. அந்தம்மாவும் இருக்காங்க."

"எங்க?"

"டயர்க்கடைக்காரர் படத்துல, பின்னாடி. என்ன பண்ணட்டும், துடைச்சிடவா?"

"அடுத்தவங்க படத்துல எனக்கென்ன வேலை? துடைச்சுப் போடுங்க" என்று அவளும் சிரித்தாள். பிறகு அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன் என்றாள், இருங்க என்றாள், திரும்பி வந்து, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் பேசியதைச் சொன்னாள். அவர் ம் கொட்டிக்கொண்டே வேலையை ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் திடீரென்று கேட்டாள்.

"ஏங்க, நான் எந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்? வலது பக்கமா, இடது பக்கமா? நினைச்சு நினைச்சுப் பாக்குறேன், ஞாபகம் வரல. பாத்துச் சொல்லுங்களேன்."

"அதான் துடைச்சாச்சே" என்றார் ரப்பர்.

"சரி விடுங்க" என்றாள்.

ஒரு விசையைத் தட்டினால் துடைத்தது திரும்பி வரும். அரை நிமிஷ வேலை. அவர் தட்டவில்லை, அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அதை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

பயணம் போய்வந்த பதினோராவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இருபத்தேழு வருஷம் அவள் போர்வை அனுப்பிய ஏழாம் வார்டிலேயே இரண்டு நாள் கிடந்தாள். போர்த்தியிருந்த போர்வையின் ஓரத்தில் அவள் கையால் போட்ட சலவைக்குறி இருந்தது. மூன்றாம் நாள் இல்லை.

மகள் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடி வந்தாள். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சிய அன்று, சுவரில் மாட்ட அம்மாவின் படம் ஒன்று வேண்டும் என்றாள். ரப்பர் ஆல்பத்தின் முதல் படத்தையே பெரிதாக அச்சுப்போட்டு, சட்டமிட்டுக் கொண்டுவந்தார். மகள் வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, இது யாரு?"

அதே கேள்வி. அம்மா கேட்டதும் இதையேதான்.

"தழும்பு எங்கப்பா? பல்லு எங்க? அம்மா சிரிச்சா கண்ணே காணாமப் போகும், இதுல கண்ணு இவ்வளவு பெருசா இருக்கு. இது அம்மா இல்லப்பா. யாரோ அம்மா சொந்தக்காரங்க மாதிரி இருக்காங்க." சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு அம்மா முகம் வேணும். ஒண்ணே ஒண்ணு போதும். உங்க கை படாதது."

கை படாதது. அப்படி ஒன்றைத் தேடப் போனபோதுதான் மனுஷனுக்குத் தான் செய்திருப்பது என்னவென்று புரிந்தது. கல்யாணப் படத்தில் இருந்தது இருபத்திரண்டு வயதுப் பெண். ஆஸ்பத்திரி அடையாள அட்டையில் இருந்தது போலீஸ் ஸ்டேஷன் பலகையில் ஒட்டுகிற முகம். மகள் கல்யாண ஆல்பம் அவர் போட்டது; அதில் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது. மகளின் போனில் இருந்தவை வீடியோ காலில் அகப்பட்ட சில. போனை எப்படிப் பிடிப்பது என்று கடைசிவரை கற்றுக்கொள்ளாதவள், பாதி உச்சந்தலை, பாதி மின்விசிறி. எல்லோர் வீட்டுப் படத்திலும் கை வைத்தவர், தன் வீட்டில் மட்டும் சும்மா இருந்திருப்பாரா? கை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. குடும்பத்தில் ஒரு படம் மிச்சமில்லை.

அதுவும் எல்லாப் படமும் ஒன்றல்ல. அவருக்கு வேண்டியது அந்த ஆறு நாளின் முகம். மூக்கு சிவந்து பல் தெரிய நின்ற முகம். வேறு எந்த வருஷத்திலும் எந்த நாளிலும் அது இல்லை. எடுத்தவரும் அவரே, அழித்தவரும் அவரே.

பாப்பா தெரிந்த ஆட்களையெல்லாம் பிடித்து, கம்ப்யூட்டரில் அழிந்ததை மீட்க முடியுமா என்று பார்த்தாள். "அதுமேல ஆயிரம் கல்யாணம் ஏறி உக்காந்திருச்சுண்ணே" என்றாள் கடைசியில். மகள் பயணக் கம்பெனியில் விசாரித்து, பஸ்ஸில் வந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். பாவம், அவர்களும் தேடி அனுப்பினார்கள். ஒன்றில் முழங்கை. ஒன்றில் குல்லாயின் பின்பக்கம். எல்லோரும் வரிசையாக நின்ற படத்தில், சரியாக அந்த நொடியில், குனிந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். ரப்பர் அந்தப் படத்தைக் குனிந்து பார்த்தார், கீழே இருந்து பார்த்தால் முகம் தெரியுமோ என்பதுபோல.

போன் எடுக்காதவர் டயர்க்கடைக்காரர் ஒருத்தர்தான். அந்த நினைப்பு வந்ததும் ரப்பர் எழுந்து உட்கார்ந்தார். பெஞ்சு. அவர் அழித்தது ஸ்டூடியோவில் இருந்த நகலைத்தானே. மூலப்படம் டயர்க்கடைக்காரர் போனில் இருக்குமே. மகள் இன்னும் நான்கு நாளில் ஊருக்குக் கிளம்ப வேண்டும். பஸ் பிடித்துப் போனார்.

கீழே டயர்க்கடை, மேலே வீடு. டயர்க்கடைக்காரர் அவரைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். விஷயம் கேட்டுத் தலையில் கைவைத்தார். "ஐயோ, அக்காவா? எங்க சின்னவளுக்கு வாந்தி வந்தப்போ அவங்கதானே சார் மடியில போட்டுக்கிட்டு வந்தாங்க." மேலே கூட்டிப்போய் உட்காரவைத்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்தார். ரப்பருக்குக் கேட்கவே கூச்சமாக இருந்தது, கேட்டார்.

"அந்தப் போன் இல்லியே சார். சின்னவ வாளித் தண்ணில போட்டுட்டா. படமெல்லாம் அதோட போச்சு. ஆல்பம் இருக்குங்கிற தைரியத்துல நாங்களும் பெருசா எடுத்துக்கல."

ரப்பர் டீயைக் கீழே வைத்தார். சரி, கிளம்பலாம் என்று எழுந்தவரை டயர்க்கடைக்காரர் தயங்கித் தயங்கி நிறுத்தினார்.

"இந்த நேரத்துல சொல்றது தப்பு. ஆனா நீங்களே வந்துட்டீங்க. அந்த ஆல்பத்துல ஒரே ஒரு பக்கம் கொஞ்சம் சரி பண்ணணும் சார். புள்ளைங்க பயப்படுது. பேய் பெஞ்சுன்னு பேரு வச்சிருக்குதுங்க."

ஆல்பத்தைக் கொண்டுவந்து விரித்தார். சதுக்கம். முன்னால் நான்கு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு. பின்னால் காலியான பெஞ்சு, ஒரு குறை சொல்ல முடியாத வேலை, பலகையின் ரேகைகூட ஒழுங்காக ஓடுகிறது. காலை வெயில் சாய்வாக விழுந்து பெஞ்சின் நிழல் கல்தரையில் நீண்டு கிடந்தது. அந்த நிழலில் பெஞ்சு காலியாக இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குல்லாய் போட்ட இரண்டு தலைகள், ஒன்றை ஒன்று இடிக்கிறாற்போலச் சாய்ந்து.

முப்பத்தொரு வருஷத்தில் அவர் நிழலை விட்டது அந்த ஒரு படத்தில்தான். ஏன் விட்டார் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. தோளில் போன் இருந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

அடுத்தவர் வீடு என்றும் பார்க்கவில்லை. பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அழுதார். மனைவி செத்த அன்று அழவில்லை, மகள் படத்தைத் திருப்பிக் கொடுத்தபோதும் அழவில்லை; தான் செய்த பிழையைப் பார்த்து அழுதார். டயர்க்கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரப்பர் விரலால் காட்டி, "இவதான்" என்ற பிறகுதான் விளங்கிற்று. அவர் போய் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவந்து, ஆல்பத்தின் முதுகைக் கழற்றி, அந்தப் பக்கத்தை மட்டும் உருவிக் கையில் கொடுத்தார்.

"புதுசு போட்டுத் தர்றேன் சார்."

"வேணாம் சார். எங்களுக்கு மிச்சப் பக்கம் போதும்."

கதவோரம் நின்றிருந்த சின்னவள் மெல்ல வந்து எட்டிப் பார்த்தாள். அவளுடைய அம்மா, "பேய் இல்லடி. உன்னை மடியில வச்சிருந்தாங்கல்ல, அந்தப் பெரியம்மா" என்றாள்.

"இதுல யாரு அந்தப் பெரியம்மா?"

ரப்பர் சட்டென்று இடது பக்கத்தைத் தொட்டார். "இது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம். ஆல்பப் பக்கத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் சந்தேகம் வந்தது. இடதா? எதை வைத்துச் சொன்னோம்? குல்லாய் இரண்டும் ஒன்றே. தோள் அகலம் ஒன்றே. அவள் எப்போதும் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவாள்? வீட்டுச் சோபாவில் எந்த மூலை அவளுடையது? ஒரு முகத்தில் கடுகளவு பருவைக் கண்டுபிடிக்கிறவருக்கு முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளின் சாய்வு நினைவுக்கு வரவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். ஒரு நேரம் வலது பக்கம்தான் அவள்போலத் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் இடது.

வீட்டில் மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆல்பப் பக்கத்தை அவள் கையில் கொடுத்தார். அவள் முதலில் பெஞ்சைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். ஜன்னலிடம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுக்கு அம்மா சதுக்கத்துக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள், விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு விரலால் இரண்டு தலைகளையும் சுற்றி மெதுவாகக் கோடு போட்டுப் பார்த்தாள்.

"உங்க கை படல" என்றாள்.

"படல."

"இதுல அம்மா எதுப்பா?"

குழந்தைக்குச் சொன்ன பொய் வாய்வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். காலத்துக்கும் அந்த இடது தலையையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். அவர் பெட்டியை நகர்த்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"தெரியலம்மா" என்றார். "உங்கம்மாவும் இதையேதான் கேட்டா. பாத்துச் சொல்லுங்கன்னா. நான் பாக்கல."

மகள் அவரைத் திட்டவில்லை. சட்டத்திலிருந்து அந்த அழகான பெண்ணை உருவி எடுத்தாள். இதை உள்ளே வைத்தாள். பக்கம் சட்டத்தைவிடப் பெரிது. டயர்க்கடைக்காரர் குடும்பம் இருந்த பகுதியைப் பின்பக்கமாக மடித்தாள், கத்தரிக்கவில்லை. ரப்பர் சுவரில் ஆணி அடித்தார். இரண்டு பேரில் ஒருத்தி அவர் மனைவி. இன்னொருத்தி, பேர் தெரியாத ஊரில், தான் இந்தச் சுவரில் இருப்பது தெரியாமல் இன்னும் மருமகளைத் திட்டிக்கொண்டிருக்கக்கூடும். காலையில் டீயை எடுத்துக்கொண்டு ரப்பர் அதன் முன்னால் வந்து நிற்பார். ஒருநாள் இடது பக்கத்தைப் பார்த்துப் பேசுவார். மறுநாள், மனசு கேட்காமல், வலது பக்கத்தைப் பார்த்து அதையே இன்னொரு தடவை சொல்லுவார்.